இரண்டாம் முறை குடல் கழுவியபோது: கமுதிப் பெரியம்மாவும் நாலு லிட்டர் தண்ணியும்

போன ஆவணியில் பெரியம்மாவுக்கு எடுத்த கொலோனோஸ்கோபி ரிப்போர்ட் இன்னும் என் போனில் இருக்கிறது. இரண்டு பக்கம். ஆனால் விஷயம் ஒரே வரிதான்: ப்ரெப் இனடிக்வேட், ரிப்பீட் அட்வைஸ்டு. குடல் சரியாகச் சுத்தமாகவில்லை, மறுபடி எடுங்கள் என்று அர்த்தம்.

கமுதியில் விடிகாலை பஸ் ஏறி, அருப்புக்கோட்டை வழியாக மதுரை வந்து, ஒரு ஆஸ்பத்திரியில் காத்திருந்து, மயக்க ஊசி போட்டு, டியூப் விட்டு, பாதியில் எடுத்துவிட்டார்கள். வெளியே வந்த நர்ஸ், "சொன்னதைக் கேக்கலையாம்மா? ஒழுங்கா மருந்து குடிக்கலையா?" என்று கேட்டது பெரியம்மாவுக்கு ரொம்ப உறைத்துவிட்டது. பஸ்ஸில் திரும்பி வரும்போது ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டுக்கு வந்து என்னிடம் போனில் சொன்னது: "குடிச்சேன் தம்பி. தண்ணி தண்ணியாத்தான் போச்சு. வயித்துல ஒண்ணுமே இல்ல. இனி இதெல்லாம் வேணாம். புரட்டாசியில மிளகா விதைப்பு வந்துரும், அது முடியட்டும், பொறவு பாக்கலாம்."

நான் டாக்டர் இல்லை. ஆனால் அன்று ராத்திரியே உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தேன். காரணம், பெரியம்மாவுக்கு ஹீமோகுளோபின் 8-க்குக் கீழே போயிருந்தது. வயது 64. மூலம் இல்லை, கண்ணுக்குத் தெரிந்து ரத்தம் போகவில்லை, ஆனால் மலப் பரிசோதனையில் ரத்தம் இருந்தது. ரிப்போர்ட்டில் டியூப் போகாமல் விட்ட இடம், வலது பக்கத்துப் பெருங்குடல்.

அந்த இடம்தான் சிக்கலான இடம். பெருங்குடல் சுமார் ஒன்றரை மீட்டர் நீளம். டியூப் ஆசனவாய் வழியாக நுழைந்து இடது பக்கம் ஏறி, குறுக்கே போய், கடைசியில்தான் வலது பக்கம் இறங்கும். இடது பக்கத்தில் புண்ணோ கட்டியோ இருந்தால் பெரும்பாலும் மலத்தில் ரத்தம் தெரியும், மலம் போகும் விதமே மாறும். வலது பக்கக் கட்டிகள் சத்தமில்லாதவை. அங்கே மலம் கூழாக இருப்பதால் அடைப்பும் சீக்கிரம் வராது, ரத்தமும் கலந்து மறைந்துவிடும். வெளியே தெரிவது ரத்தசோகை மட்டும். போதாக்குறைக்கு, அங்கே வளரும் பாலிப் சில தட்டையாக, மேலே சளிப்படலம் போர்த்தியபடி, குடல் சுவரின் நிறத்திலேயே இருக்கும். சுத்தமான குடலிலேயே கண்ணுக்குத் தப்பும். மேலே மலம் படிந்திருந்தால் கேட்கவே வேண்டாம்.

மேலை நாடுகளில் 45, 50 வயதானாலே அறிகுறி எதுவும் இல்லாமலேயே கொலோனோஸ்கோபி செய்கிறார்கள். அங்கே ப்ரெப் சரியில்லை என்றால் ஒரு வருடத்துக்குள் மறுபடி செய்யுங்கள் என்று அமெரிக்க வழிகாட்டி சொல்கிறது. நம் நாட்டில் அரசின் புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டம் வாய், மார்பகம், கருப்பை வாய் மூன்றுக்கும்தான், பெருங்குடலுக்கு இல்லை. ஆகவே இங்கே ஒருவர் கொலோனோஸ்கோபி மேசையில் படுக்கிறார் என்றால் பெரும்பாலும் ஏதோ அறிகுறி வந்த பிறகுதான் படுக்கிறார். அவருக்கு 'ஒரு வருடத்துக்குள்' என்பது பொருந்தாது. சில வாரங்களுக்குள் என்பதுதான் சரி. மிளகாய் விதைப்பு முடியட்டும் என்று விட்டால் பிறகு களையெடுப்பு வரும், தையில் பழம் பறிப்பு வரும்.

பார்க்காமல் விடுவதால் என்னதான் தவறிப்போகும் என்று அளந்திருக்கிறார்கள். நியூயார்க்கில் 2011-ல் வெளியான ஒரு ஆய்வு. சுமார் 12,800 கொலோனோஸ்கோபிகளில் ஏறக்குறைய நாலில் ஒன்றில் ப்ரெப் திருப்தியாக இல்லை. அப்படிப்பட்டவர்களில் மறுபடி செய்துகொண்டவர்களை எடுத்துப் பார்த்தபோது, மொத்தம் கண்டுபிடித்த அடினோமா வகைப் பாலிப்களில் 42 சதவீதம் இரண்டாம் முறைதான் கண்ணில் பட்டன. முதல் முறையும் அவை அங்கேதான் இருந்திருக்க வேண்டும்.

நாலில் ஒன்று என்ற கணக்கைப் பெரியம்மாவிடம் சொன்னேன். "அப்ப எனக்கு மட்டும் இல்லயா?" என்று கேட்டார். கொஞ்சம் குரல் தெளிந்த மாதிரி இருந்தது.

ரிப்போர்ட்டில் இன்னொரு வரி: 'பி.பி.பி.எஸ். 1+1+2'. இது பாஸ்டன் அளவுகோல். 2009-ல் பாஸ்டனில் உருவாக்கியது. பெருங்குடலை வலது, குறுக்கு, இடது என்று மூன்றாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மார்க். கெட்டி மலம் அடைத்து ஒன்றுமே தெரியாவிட்டால் 0. சுவரில் கொஞ்சம் தெரிந்து மீதி மறைந்திருந்தால் 1. அங்கங்கே துளி துளியாக இருந்தாலும் சுவர் நன்றாகத் தெரிந்தால் 2. பளிச்சென்று இருந்தால் 3. டாக்டர் தண்ணீர் அடித்து உறிஞ்சி எடுத்த பிறகுதான் மார்க் போட வேண்டும். பாஸ் ஆக மொத்த மார்க் மட்டும் போதாது, ஒவ்வொரு பகுதியிலும் 2 வேண்டும். பத்தாம் வகுப்பு மாதிரி, கணக்கில் ஃபெயில் என்றால் தமிழில் தொண்ணூறு வாங்கியும் பிரயோஜனம் இல்லை. கொலோனோஸ்கோபி செய்துகொண்டவர்கள் ரிப்போர்ட்டில் இந்த மூன்று எண்களைத் தேடிப் பாருங்கள். இல்லையென்றால் கேளுங்கள்.

சரி, ஏன் சுத்தமாகவில்லை? இதுதான் என்னை ரொம்பக் குடைந்த கேள்வி. ஏனென்றால் மறுபடி எடுங்கள் என்று சொன்ன ஆஸ்பத்திரி கொடுத்த சீட்டு, முதல் முறை கொடுத்த அதே சீட்டின் நகல். அதே பாக்கெட், அதே இரண்டு லிட்டர், அதே நேரம். ஒருமுறை தோற்ற வழியிலேயே இன்னொரு முறை போனால் எப்படிச் சரியாகும்? பெரியம்மாவிடம் அந்த இரண்டு நாளையும் மணி வாரியாகக் கேட்டு ஒரு தாளில் எழுதினேன்.

முதலில் சாப்பாடு. சீட்டு ஆங்கிலத்தில் இருந்தது. வாட்ஸப்பில் வந்ததைப் படித்து, "முந்தின நாள் லைட்டா சாப்பிடுங்க பெரியம்மா" என்று சொன்னவன் நான்தான். கமுதியில் லைட்டு என்றால் என்ன? சர்க்கரைக்காக அரிசியைக் குறைக்கச் சொல்லியிருந்ததால், காலையில் கம்மங்கூழ். மத்தியானம் கேப்பைக் களியும் முருங்கைக்கீரையும். தொட்டுக்கொள்ள தக்காளி மிளகாய்ச் சட்னி. மருத்துவர் மெச்சும் ஆரோக்கிய உணவு, கொலோனோஸ்கோபிக்கு மட்டும் நேர் எதிரி. இங்கே வேண்டியது சக்கை இல்லாத உணவு. கம்பு, கேழ்வரகின் உமியும் கீரையின் நாரும் செரிக்காமல் அப்படியே பெருங்குடலுக்கு வந்து சுவரில் ஒட்டும். விதை இன்னும் மோசம். டியூப்பில் உறிஞ்சும் துவாரத்தின் விட்டம் நாலு மி.மீ.கூட இல்லை. தக்காளி விதையும் மிளகாய் விதையும் அதில் போய் அடைத்துக்கொள்ளும். 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய எங்கள் ராமநாதபுரம் முண்டு மிளகாய் குண்டாக, உள்ளே விதை நிறைந்து இருக்கும். மிளகாய்க் காட்டில் வேலை பார்க்கிற குடும்பத்தில் அது இல்லாத சாப்பாடு ஏது?

அடுத்தது நான் எதிர்பார்க்காதது: இரும்புச் சத்து மாத்திரை. ரத்தசோகைக்காகத் தினமும் போட்டுக்கொண்டிருந்தார். கொலோனோஸ்கோபி அன்று காலை வரைக்கும். இரும்பு மாத்திரை மலத்தைக் கறுப்பாக, பிசின் மாதிரி ஆக்கிச் சுவரில் ஒட்ட வைக்கும். ஒரு வாரம் முன்னாடியே நிறுத்த வேண்டியது. எந்த நோய்க்காகப் பரிசோதனையோ அதே நோய்க்கான மாத்திரை பரிசோதனையைக் கெடுத்திருக்கிறது. யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

இதோடு பதினைந்து வருட சர்க்கரை. சர்க்கரை நரம்புகளைப் பாதித்தால் குடலின் அசைவும் மந்தமாகும். பாத எரிச்சலுக்கு ராத்திரி ஒரு அமிட்ரிப்டிலின் மாத்திரை; அதுவும் மலச்சிக்கல் உண்டாக்கும் வகை. "எப்பவுமே மூணு நாளைக்கு ஒருக்காத்தான் போவேன், அதுல என்ன?" என்றார். மலச்சிக்கல், சர்க்கரை, இந்த வகை மாத்திரைகள், பக்கவாதம், பார்கின்சன் எல்லாமே ப்ரெப் தோற்கும் என்று முன்கூட்டியே சந்தேகப்பட வைக்கும் விஷயங்கள். இவருக்கு மூன்று இருந்தன. சாதாரண அளவு மருந்து போதாது என்று முதலிலேயே தெரிந்திருக்கலாம்.

கடைசியாக, நேரம். என் கணிப்பில் இதுதான் முக்கியக் குற்றவாளி. இரண்டு லிட்டரையும் முந்தின நாள் சாயங்காலம் ஆறு மணிக்குள் குடித்து முடித்துவிட்டார். பரிசோதனை நடந்தது மறுநாள் பதினொன்றரைக்கு. நடுவில் பதினேழு மணி நேரம்.

வயிற்றில் ஒன்றுமில்லை என்று அவர் சொன்னது பொய்யில்லை. ராத்திரி எட்டு மணிக்குக் குடல் சுத்தமாகத்தான் இருந்திருக்கும். ஆனால் குடல் என்பது கழுவிக் கவிழ்த்து வைத்த பானை இல்லை. ஒன்றும் சாப்பிடாவிட்டாலும் பித்தநீர், கணையநீர், சிறுகுடல் சுவர் சுரக்கும் நீர் எல்லாம் சேர்ந்து ஓடிக்கொண்டே இருக்கும். சாதாரணமாக ஒரு நாளைக்குச் சிறுகுடலிலிருந்து பெருங்குடலுக்கு ஒரு லிட்டருக்கு மேல் வந்து விழுகிறது. விழும் இடம் வலது பக்கம். ராத்திரி முழுக்க அது அங்கே மஞ்சளாக, கொழகொழவென்று பூசிக்கொண்டே இருக்கும். காலையில் ஒரு தரம் கழுவிவிட்டால்தான் போகும். அதனால்தான் உலகம் முழுக்க இப்போது பாதி மருந்து முந்தின நாள் ராத்திரி, மீதிப் பாதி அன்று காலை என்று பிரித்துக் கொடுக்கிறார்கள். இரண்டாம் பாதியைப் பரிசோதனைக்கு நாலு முதல் ஆறு மணி நேரம் முன்னால் ஆரம்பித்து, குறைந்தது இரண்டு மணி நேரம் முன்னால் முடித்துவிட வேண்டும்.

ஆஸ்பத்திரிச் சீட்டில் இதுவும் இருந்தது: 'மீதி ஒரு லிட்டர் காலை 5 முதல் 6.30 வரை'. பெரியம்மா ஏன் செய்யவில்லை? கமுதியில் ரயில் கிடையாது. பஸ்ஸில் மதுரைக்கு இரண்டரை மணி நேரம். காலையில் மருந்தைக் குடித்துவிட்டு அந்த பஸ்ஸில் ஒரு பெண் எப்படி உட்கார்ந்து வருவார்? "நடுவழியில நிப்பாட்டச் சொல்ல முடியுமா தம்பி? ஆம்பளையா இருந்தாலாவது காட்டுக்குள்ள ஒதுங்கலாம்." அதனால் எல்லாவற்றையும் முந்தின நாளே குடித்துவிட்டார். கொஞ்சம் வாந்தியும் எடுத்திருக்கிறார். திட்டுவார்கள் என்று அதையும் சொல்லவில்லை. சீட்டு எழுதியவர் மனதில் இருந்த நோயாளி ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துத் தெருவில், வீட்டுக்குள்ளேயே கக்கூஸ் வைத்துக்கொண்டு குடியிருக்கிறார்.

"வெளக்கெண்ணெய குடுத்தா ஒரே நாள்ல சுத்தமாயிருமே, சின்னப் புள்ளைல ஆறு மாசத்துக்கு ஒருக்கா குடுப்பாகளே" என்றார் பெரியம்மா. நியாயமான கேள்வி. பேதிக்கு நம் பக்கத்தில் பஞ்சமே இல்லை. தென் மாவட்டத்து வானம் பார்த்த கரிசலில் விளையும் நிலாவரை இலைதான் 'டின்னவேலி சென்னா' என்ற பெயரில் கப்பலேறி உலகத்துக்கே மலமிளக்கியாகப் போகிறது. ஆனால் பேதி வேறு, கழுவுதல் வேறு. நிலாவரையும் பைசகோடிலும் குடலைப் பிழிந்து தள்ளும். உள்ளே இருப்பது வெளியே வரும், ஆனால் சுவர் கழுவப்படாது. கழுவ வேண்டுமென்றால் லிட்டர் கணக்கில் தண்ணீர் ஒரு முனையில் நுழைந்து உடம்பில் சேராமல் மறு முனையில் வெளியேற வேண்டும். அதுதான் கஷ்டம். வெறும் தண்ணீரைக் குடித்தால் உடம்பு உறிஞ்சி சிறுநீராக்கிவிடும். உப்புத் தண்ணீரைக் கொடுத்துப் பார்த்தார்கள். உப்பும் நீரும் உடம்பில் ஏறி, இதயமும் சிறுநீரகமும் பலவீனமானவர்களுக்கு ஆபத்தானது. மேனிட்டால் என்ற சர்க்கரையைக் கொடுத்தார்கள். குடல் பாக்டீரியா அதைப் புளிக்க வைத்து ஹைட்ரஜன் வாயுவை உண்டாக்கும். அந்த வாயுவுக்கு நடுவே பாலிப்பை மின்சாரத்தால் சுட்டு எடுக்கப்போய் குடலுக்குள்ளேயே வெடித்து நோயாளி இறந்த சம்பவம் 1979-ல் பிரான்சிலிருந்து மருத்துவ இதழில் பதிவானது.

அடுத்த வருடமே, 1980-ல், டாலஸில் ஜான் ஃபோர்ட்ரான் என்ற மருத்துவரும் அவர் சகாக்களும் இதற்கு விடை சொன்னார்கள். பாலிஎதிலீன் கிளைக்கால், சுருக்கமாக பி.இ.ஜி. இதன் மூலக்கூறு பெரிது, குடல் அதை உறிஞ்சாது; தன்னோடு தண்ணீரையும் பிடித்து வைத்துக்கொள்ளும். கூடவே உப்புகளைக் கணக்காகச் சேர்த்தால் உடம்பு அதிலிருந்து எதையும் எடுக்கவும் இல்லை, அதற்குள் எதையும் இழக்கவும் இல்லை. இன்று நம் மருந்துக் கடையில் கிடைக்கும் பெக்லெக் மாதிரி பாக்கெட்டுகள் இந்தக் குடும்பம்தான். சுவை மட்டும் இன்றுவரை சரியாகவில்லை. உப்புப் போட்ட கொழகொழத் தண்ணி.

கடைக்காரர் பெரியம்மாவுக்கு ஒரு குறுக்கு வழியும் சொல்லியிருந்தார்: "சின்ன பாட்டில் ஒண்ணு இருக்கும்மா, இவ்ளோ குடிக்க வேணாம்." அது சோடியம் பாஸ்பேட். அளவு குறைவு என்பது உண்மை. ஆனால் சிலருக்கு அது சிறுநீரகத்தில் பாஸ்பேட் படிவை உண்டாக்கிச் செயலிழக்க வைத்ததால் 2008 டிசம்பரில் அமெரிக்க எஃப்.டி.ஏ. மிகக் கடுமையான எச்சரிக்கை விடுத்தது. வயதானவர், சர்க்கரை, பிரஷர் மாத்திரை என்று இருக்கும் ஒருவர் டாக்டரைக் கேட்காமல் அதைத் தொடவே கூடாது.

நான் எழுதிய தாளை எடுத்துக்கொண்டு இன்னொரு குடல் நோய் மருத்துவரிடம் போனோம். அவர் தாளை முழுக்கப் படித்தார். பாதி நோயாளிகளுக்கு இதையெல்லாம் கேட்க நேரமில்லை என்று ஒப்புக்கொண்டார். முதல் முறையே அன்று மதியமோ மறுநாளோ கூடுதல் மருந்து கொடுத்து எடுத்திருக்கலாம், அப்படிச் செய்வதுதான் நல்லது, பாதிக் கழுவல் ஏற்கெனவே நடந்திருக்கும் இல்லையா என்றார். சரி, அது போனது.

அவர் போட்ட புதுத் திட்டம்: இரும்பு மாத்திரை ஏழு நாள் முன்பே நிறுத்தம். மூன்று நாள் சக்கையில்லாத சாப்பாடு. முந்தின நாள் மத்தியானம் இரண்டு பைசகோடில் மாத்திரை. பி.இ.ஜி. இரண்டு லிட்டர் இல்லை, நாலு. ராத்திரி இரண்டு, காலையில் இரண்டு. ஏற்கெனவே தோற்றவர்களுக்கு எது நல்லது என்று ஸ்பெயினில் ஒப்பிட்டுப் பார்த்து 2017-ல் வெளியிட்டார்கள். நாலு லிட்டர் குடித்தவர்களில் 81 சதவீதம் பேருக்குக் குடல் சுத்தமானது, இரண்டு லிட்டர் ரகத்தில் 67. இரு பக்கமும் மூன்று நாள் சாப்பாட்டுக் கட்டுப்பாடு உண்டு. நாலு லிட்டரிலும் ஐந்தில் ஒருவர் மறுபடி தோற்கிறார் என்பதையும் கவனியுங்கள். சர்க்கரை மாத்திரைகளில் எதை எப்போது நிறுத்துவது என்று அவரே எழுதிக் கொடுத்தார். 'ஃப்ளோசின்' என்று முடியும் மாத்திரைகளை மூன்று நாள் முன்பே நிறுத்த வேண்டுமாம். பட்டினியில் ரத்தம் அமிலமாகும் ஆபத்து இருக்கிறது. இன்சுலின் போடுபவர்களுக்குக் கணக்கு வேறு. இதெல்லாம் ஆளுக்கு ஆள் மாறும், இங்கே படித்துவிட்டு நீங்களே செய்துவிடாதீர்கள்.

சாப்பாட்டை நானும் தங்கச்சியும் கமுதித் தமிழில் எழுதினோம். சாப்பிடலாம்: வெள்ளைச் சோறு, இட்லி, இடியாப்பம், மோர், முட்டை, முள் எடுத்த மீன், வடிகட்டின ரசம். கூடாது: கம்பு, கேப்பை, கீரை, பயறு, தேங்காய், தக்காளி, கத்திரிக்காய், கொய்யா, கறிவேப்பிலை, மிளகாய் எந்த ரூபத்திலும். "மூணு நாளைக்கு மிளகா இல்லாமயா?" என்று கேட்டார். வடிகட்டின ரசத்தில் காரம் இருக்குமே என்று சமாதானம் செய்தோம். கடைசி நாள் முழுக்கத் தெளிந்த பானம் மட்டும்: இளநீர், வடிகட்டின எலுமிச்சைச் சாறு, பால் இல்லாத டீ. சிவப்பு நிறத்தில் எதுவும் வேண்டாம். உள்ளே ரத்தம் மாதிரித் தெரியும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு இளநீரும் ஆகாது, பொட்டாசியம் அதிகம்.

பஸ் பிரச்சினைக்கு மருந்து கிடையாது. முந்தின நாளே மதுரையில் அத்தாச்சி வீட்டுக்கு வந்துவிட்டோம், பரிசோதனையைப் பதினொரு மணிக்கு வாங்கினோம். சொந்தக்காரர் வீடு இல்லாதவர்கள் லாட்ஜ் எடுக்க வேண்டும், அல்லது ஆஸ்பத்திரியிலேயே சேர்ந்து குடிக்க முடியுமா என்று கேட்க வேண்டும். தள்ளாத வயதானவர்களுக்கு அதுதான் நல்லது.

ராத்திரி ஆறு மணிக்கு முதல் டம்ளர். கால் மணிக்கு ஒருமுறை கால் லிட்டர். ஐஸில் வைத்து, கொஞ்சம் எலுமிச்சை பிழிந்து, ஸ்ட்ராவில். குமட்டினால் அரை மணி நிறுத்தி, ஹாலில் நாலு நடை நடந்துவிட்டு மறுபடி. பக்கத்தில் ஒரு ஆள் உட்கார்ந்து நேரம் சொல்வது எவ்வளவு உதவும் என்பதை அன்று பார்த்தேன். சீனாவில் இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள்: முந்தின நாள் போன் போட்டு இன்னொருமுறை விளக்கிச் சொன்னவர்களில் 82 சதவீதம் பேருக்குக் குடல் சுத்தமாக இருந்தது, போன் வராதவர்களில் 70. ஒரு போன்கால்!

காலை ஐந்து மணிக்கு எழுப்பியபோது, "உள்ள என்னத்தடா இருக்கு இன்னும்?" என்று சண்டைக்கு வந்தார். ஆனால் ஆறரை மணிக்கு அவரே கூப்பிட்டுக் காட்டச் சொன்னார் தங்கச்சியை. ஐந்து மணிக்குக் கலங்கலாக, காவி நிறத்தில் போனது. ஏழேகாலுக்குக் கடைசியாகப் போனது வடிகட்டின எலுமிச்சைச் சாறு மாதிரி, அடியில் துகள் ஒன்றும் இல்லாமல். இதுதான் அடையாளம். தண்ணியாகப் போவது அடையாளம் இல்லை. கலங்கல் இல்லாமல், அடி தெரிகிற மாதிரிப் போக வேண்டும். போகவில்லை என்றால் மேசையில் படுப்பதற்கு முன்பே நர்ஸிடம் சொல்லிவிடுவது நல்லது.

இரண்டாவது ரிப்போர்ட்: 2+3+3. டியூப் பெருங்குடலின் கடைசி வரை போனது. வலது பக்கம், ஏறுகுடலில், 12 மி.மீ. அளவில் தட்டையான ஒரு பாலிப். அங்கேயே கண்ணி போட்டு எடுத்துவிட்டார்கள். பத்து நாளில் பயாப்ஸி வந்தது: அடினோமா, புற்றுநோய் இல்லை. ரத்தசோகைக்கு இது ஒன்றுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது என்றார் டாக்டர். இரைப்பையையும் பார்த்தார்கள், அங்கே லேசான புண் இருந்தது, அதற்கும் மருந்து ஓடுகிறது. இரும்பு மாத்திரை மறுபடி ஆரம்பித்துவிட்டார்.

பத்து மி.மீ.க்கு மேல் இருந்ததால் மூன்று வருடம் கழித்து இன்னொருமுறை பார்க்க வேண்டுமாம். பெரியம்மா உடனே கேட்டது, "அப்பயும் நாலு லிட்டருதானா?" டாக்டர் சிரித்துவிட்டு, ஆமாம்மா, உங்களுக்கு நாலுதான் என்றார். அந்தத் தாளையும் சாப்பாட்டுப் பட்டியலையும் லேமினேட் செய்து பெரியம்மா வீட்டு காலண்டர் ஆணியில் மாட்டியிருக்கிறோம். விதைப்பு அந்த வருஷம் எட்டு நாள் தாமதம்.